காலிங் பெல் இருந்த இடத்தில் வீடியோ டோர்பெல்: எதை வாங்கலாம், எப்படி மாட்டலாம்?

வாசற்படி

வணக்கம் நண்பர்களே. வீட்டு வாசலில் வீடியோ டோர்பெல், அதாவது கேமரா உள்ள காலிங் பெல், மாட்டலாம் என்று இருக்கிறேன். நானும் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். பகல் முழுக்க அம்மா மட்டும்தான் வீட்டில். பெல் அடித்ததும் யார் என்று கேட்காமலேயே கதவைத் திறந்துவிடுகிறார். சொன்னால், "வந்தவரை எவ்வளவு நேரம் வாசலில் நிற்க வைப்பது" என்கிறார். ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார், ஆனால் அழைப்பு வந்தால் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் தொடமாட்டார்.

சாதாரண காலிங் பெல் ஏற்கெனவே இருக்கிறது, அதன் சுவிட்ச் கதவு நிலைக்குப் பக்கத்தில். ரூட்டர் பின்னறையில் இருக்கிறது. வாசல் மேற்குப் பார்த்தது. எதிரே குறுகலான சந்து, அதற்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கதவு நேராகத் தெரியும்.

பேட்டரியில் ஓடுவதா, ஒயரில் ஓடுவதா? மாதச் சந்தா இல்லாமல் காலம் தள்ள முடியுமா? நானே மாட்டிவிடலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

மின்கம்பி

மாடல் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் மெயினை அணைத்துவிட்டு அந்த பெல் சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். அங்கே என்ன மின்சாரம் வருகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

சில நாடுகளில் வீடு கட்டும்போதே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து, பெல்லுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏசி மட்டும் போகும்படி செய்திருப்பார்கள். சில இடங்களில் 8 அல்லது 12 வோல்ட். இன்னும் பல இடங்களில் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகிற அதே 230 வோல்ட்தான் பெல்லுக்கும் போகும். ஒயரில் ஓடும் வீடியோ டோர்பெல்களில் பெரும்பாலானவை 16 - 24 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. அதை 230 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் கருவி அந்த நொடியே போய்விடும். கருவி போவதுகூடப் பெரிதில்லை. மழைச் சாரல் படுகிற இடத்தில், வருகிறவர்கள் எல்லாரும் விரல் வைக்கிற இடத்தில் மெயின் மின்சாரம் இருக்கக் கூடாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 230 வோல்ட் பெல்லில், வாசல் சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயரில் ஒன்று ஃபேஸ், மற்றொன்று பெல்லுக்குத் திரும்பிப் போவது. மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் அங்கே வருவதே இல்லை, பெல்லோடு நின்றுவிடும். அதனால் வாசலில் ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க முடியாது. பெல் இருக்கும் இடத்தில், உள்ளே, மூடிய பெட்டியில் அதை வைத்து, வாசலுக்குப் போகிற இரண்டு ஒயரையும் மெயினிலிருந்து முழுக்கப் பிரித்து, ட்ரான்ஸ்ஃபார்மரில் குறைந்த வோல்ட் வெளிவருகிற பக்கத்தில் சேர்க்க வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் செய்கிற வேலை இது. தெரியாது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் யோசிக்கவே வேண்டாம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்குகிற சுமை) எவ்வளவு என்றும் பாருங்கள். பழைய பெல் அழுத்துகிற நேரம் மட்டும் மின்சாரம் இழுக்கும், அதற்கு 5 அல்லது 10 விஏ போதும். கேமரா இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் ஒழுங்காக ஓடுகிறது, இருட்டியதும் அணைந்து அணைந்து எழுகிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்: இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் மின்சாரம் பற்றவில்லை. 20 முதல் 30 விஏ வரை வைத்தால் இந்தத் தொல்லை வராது. கருவியோடு வரும் கையேட்டில் எல்லை போட்டிருப்பார்கள், அதைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாம்மாடி

நான் இருப்பது வாடகை வீடு. ஒயர், ட்ரில் எதற்கும் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் ஏற்கெனவே இருந்த பார்வை லென்ஸைக் கழற்றிவிட்டு அதே துளையில் பொருத்துகிற கேமரா மாட்டியிருக்கிறேன். வெளியே கேமராவும் பட்டனும், உள்ளே பேட்டரியும் சின்னத் திரையும். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய லென்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். வாங்குவதற்கு முன் கதவின் தடிமனையும் துளையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், எல்லாக் கதவுக்கும் பொருந்தாது.

பேட்டரி பற்றிக் கேட்டீர்கள். பெட்டியின் மேல் ஆறு மாதம் வரும் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்குச் சில முறை மட்டுமே கேமரா விழிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. சந்தில் போகிற ஒவ்வொருவருக்கும் விழித்தால், நீங்களும் அலுவலகத்திலிருந்து அடிக்கடி நேரலை பார்த்தால், அதில் பாதிகூட வராது. கடுங்குளிர் இடங்களில் இன்னும் மோசம். லித்தியம் அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நேர் வெயில் படுகிற சுவரிலும் பேட்டரியின் ஆயுள் குறையும். உங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்றால் இதையும் யோசியுங்கள்.

அலைவரிசை

மின்சாரத்தைப் பார்த்தாயிற்று, வைஃபையைப் பார்க்கவில்லையே. ரூட்டர் பின்னறையில் என்கிறீர்கள். வாசலுக்கும் அதற்கும் நடுவில் எத்தனை சுவர்?

இப்படிச் சோதித்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே, டோர்பெல் வரப்போகிற இடத்தில் போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும், மொபைல் டேட்டா அணைந்திருக்க வேண்டும். வைஃபையில் மட்டும் யாரையாவது வீடியோ அழைப்பில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். படம் உறைந்து உறைந்து வந்தால் டோர்பெல்லிலும் அப்படித்தான் வரும். சொல்லப்போனால் அதைவிட மோசமாகவும் வரலாம், ஏனென்றால் அது எப்போதும் சுவரில் அழுத்தியபடி இருக்கும். சிக்னல் அளவு காட்டும் செயலி இருந்தால் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். மைனஸ் 60 என்றால் இன்னும் நல்லது. மைனஸ் 75 என்றால் அந்த இடத்தில் மாட்டவே வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி வரும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம் ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். பல டோர்பெல்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல்முறை இணைக்கும்போது சில கருவிகள் திணறும். அந்த நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டு இணையுங்கள். இரும்புக் கதவும் கம்பி போட்ட கான்கிரீட் சுவரும்தான் சிக்னலைக் கொல்லும். ரூட்டரை நடு அறைக்கு நகர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. அப்புறம், உங்கள் இணையத் திட்டத்தில் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 1080 பி படத்துக்கு 2 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். பதிவிறக்க வேகம் எவ்வளவு இருந்தாலும் இதற்கு உதவாது.

நீலக்கதவு

வாசற்படி, எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது வேறு. கதவைத் திறப்பவர் அம்மா. நீங்கள் கேட்பதோ உங்கள் போனுக்குப் படம் அனுப்புகிற கருவி.

போனுக்குத் தகவல் அனுப்பும் டோர்பெல்லில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வந்தவர் பட்டனை அழுத்துகிறார். தகவல் ரூட்டர் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. நீங்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள். போனை எடுத்து, திறந்து, அறிவிப்பைத் தொட்டு, நேரலை வந்து நிற்பதற்குள் வீட்டுக்குள் பெல் சத்தம் கேட்டு அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்திருப்பார். நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, அம்மா முன்பின் தெரியாத ஒருவரோடு பேசுவதைப் பார்க்கலாம். அவ்வளவுதான் கிடைக்கும்.

அவருக்குத் தேவை வீட்டுக்குள்ளே ஒரு திரை. பழைய முறை வீடியோ டோர் போன் என்று ஒன்று இருக்கிறது: வாசலில் கேமரா, உள்ளே சுவரில் 7 அங்குலத் திரை, நடுவில் ஒயர். பட்டனை அழுத்தியதும் திரையில் முகம் தெரிந்துவிடும். செயலி வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், இணையம் போனாலும் வேலை செய்யும். ஒரு பட்டனை அழுத்தி "யாருப்பா?" என்று கேட்க வேண்டியதுதான். என் மாமியார் வீட்டில் இதுதான் இருக்கிறது. திரையை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மாட்டச் சொன்னோம். கடைக்காரர் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போகிறார். முழங்கால் வலி உள்ளவர் எழுந்து கதவு வரை நடந்து வந்துவிட்டால் திறக்கத்தான் செய்வார்.

இந்த யோசனையே இப்படித்தான் பிறந்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் வேலைக்குப் போய்விடும் நேரங்களில் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்ததால், 1966-இல் ஒரு அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, இருவழிப் பேச்சு, இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பட்டன், ஆபத்தென்றால் அழுத்த இன்னொரு பட்டன். 1969-இல் காப்புரிமை கிடைத்தது. உள்ளே இருப்பவருக்காகத்தான் அவர் யோசித்தார்.

வாசற்படி

நீலக்கதவு, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. ஆனால் நாங்கள் வெளியூர் போனால் யார் வந்தார்கள் என்று எங்களுக்கும் தெரிய வேண்டுமே. இரண்டும் சேர்ந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா?

மின்கம்பி, இந்த வார இறுதியில் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நீலக்கதவு

இருக்கிறது. உள்திரை வைஃபையில் இணைகிற டோர் போன்கள் வருகின்றன. வாசலுக்கும் திரைக்கும் நடுவே ஒயர், திரையிலிருந்து உங்கள் போனுக்கு இணையம். இணையம் போனால் உங்களுக்குத்தான் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். இல்லையென்றால் வைஃபை டோர்பெல் வாங்கி, அதனோடு பேசுகிற ஸ்மார்ட் திரை ஒன்றை வீட்டுக்குள் வைக்கலாம். ஆனால் அதில் படம் திரைக்கு வரச் சில நொடி ஆகும், இணையம் இல்லாவிட்டால் பல மாடல்களில் திரை வெறுமனே நிற்கும். அம்மாவுக்காக என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

காது மந்தமானவர்கள் இருக்கிற வீட்டில் பெல்லோடு சேர்ந்து மின்னுகிற விளக்கும் வைத்துக்கொள்ளலாம். இதையும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

சிக்கனம்

எல்லாம் சரி, ஆனால் ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவா? இணையக் கடைகளில் பெயர் கேள்விப்படாத நிறுவனங்களின் பேட்டரி டோர்பெல் மலிவாகக் கிடைக்கிறது. படம் தெரிகிறது, பேச முடிகிறது. ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் வேறு பார்த்துக்கொள்ளலாமே.

பூட்டுச்சாவி

சிக்கனம், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு இப்படிப்பட்ட டோர்பெல்களைச் சோதித்து வெளியிட்டது. எக்கென் என்ற ஒரே நிறுவனம் செய்து, பல பெயர்களில் விற்றவை அவை. அந்தச் சோதனையில், வாசலில் நிற்கும் யார் வேண்டுமானாலும் பட்டனை 8 நொடி அழுத்திப் பிடித்தால் கருவி புதிதாக இணையத் தயாராகிவிட்டது. அவருடைய போனில் இணைத்துக்கொண்டால் கேமரா அவர் கைக்குப் போய்விட்டது. உரிமையாளர் திரும்ப மீட்டாலும், கருவியின் வரிசை எண்ணைக் குறித்து வைத்திருந்தால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் அந்த வாசலின் படங்களை எங்கிருந்தும் எடுத்துப் பார்க்க முடிந்தது. உரிமையாளருக்கு ஒரு அறிவிப்பும் வரவில்லை. அம்மா எப்போது தனியாக இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இருக்கிறதா?

பெரிய பெயர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் சொல்லவில்லை. ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. 58 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. யூஃபி தன் கேமராக்களில் எல்லாம் வீட்டுக்குள்ளேயே சேமிக்கப்படும் என்று சொல்லி விற்றது. அறிவிப்போடு வரும் சின்னப் படங்கள் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சர்வருக்கு, போனதை 2022-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதனால் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இருக்கிறதா? முனைக்கு முனை குறியாக்கம் (நிறுவனத்தாலும் படத்தைப் பார்க்க முடியாதபடி பூட்டுவது) உண்டா, இருந்தால் அதைப் போட்ட பிறகு எந்தெந்த வசதி போய்விடும்? மென்பொருள் மேம்படுத்தல் எந்த ஆண்டு வரை வரும் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத கருவியை நான் வாசலில் வைக்க மாட்டேன்.

சிக்கனம்

8 நொடி விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் பெயர் தெரியாததை வாங்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் நல்லது வாங்க எல்லாருக்கும் கையில் காசு இருக்காதே. அவர்களுக்கு என்ன வழி?

பூட்டுச்சாவி

நியாயமான கேள்வி. கதவில் அகலமாகத் தெரிகிற பார்வை லென்ஸ், உள்ளே உறுதியான கதவுச் சங்கிலி. இரண்டும் ஹேக் ஆகாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் இணையமே இல்லாத, ஒயரில் மட்டும் ஓடும் டோர் போன். நீலக்கதவு சொன்னதுதான்.

கணக்கேடு

சந்தா பற்றி யாரும் பேசவில்லையே. கிளவுடில் சேமிக்கும் கருவிகள் பலவற்றில் சந்தா கட்டாவிட்டால் அறிவிப்பு வரும், நேரலை பார்க்கலாம், ஆனால் பதிவு இருக்காது. நேற்று மதியம் யார் வந்தார் என்று திரும்பிப் பார்க்க முடியாது. கருவியின் விலையோடு ஐந்து வருடச் சந்தாவையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் சந்தா கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

மெமரி கார்டில் சேமிப்பவற்றில் கார்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசல் கருவிக்குள்ளேயே இருந்தால், அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர் பதிவையும் சேர்த்துக் கொண்டுபோவார். உள்திரையிலோ தனியாக உள்ளே வைக்கும் பெட்டியிலோ கார்டு இருப்பது நல்லது. வீட்டில் ஏற்கெனவே கேமராப் பதிவுக் கருவி இருந்தால் ஆன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி (வேறு நிறுவனக் கருவிகளோடும் படத்தைப் பகிரும் பொது முறைகள்) என்று போட்ட டோர்பெல்லாகப் பார்த்து வாங்குங்கள், நேராக அந்தப் பதிவுக் கருவியிலேயே பதிவாகும்.

மின்கம்பி

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பூச்சு வேலைக்கு முன்பே வாசல் நிலை வரை ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். பிஓஇ டோர்பெல்களில் அந்த ஒரே கேபிளில் மின்சாரமும் போகும், இணையமும் போகும். வைஃபைத் தொல்லை, பேட்டரித் தொல்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் தொல்லை மூன்றும் இல்லை.

எதிர்வாசல்

வாசற்படி, உங்களுக்கு எதிர்வீட்டுக் கதவு நேராகத் தெரியும் என்றீர்கள். நான் அந்த எதிர்வீட்டில் இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போது வெளியே போகிறேன், என் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என் பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளியிலிருந்து வருகிறாள் என்பதெல்லாம் உங்கள் போனில் பதிவாகிக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடிக்காது. உங்கள் மேல் சந்தேகம் இருந்துதான் பிடிக்கவில்லை என்றில்லை.

பல கருவிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. எதிர்க்கதவையும் சன்னலையும் அதில் மறைத்துவிடுங்கள். ஆனால் அது படத்தை மட்டும்தான் மறைக்கும், ஒலியை மறைக்காது. 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் டோர்பெல்லும் கேமராக்களும் தன் அந்தரங்கத்தில் தலையிடுகின்றன என்று ஒருவர் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதில் நீதிபதி அதிகம் கவலைப்பட்டது படத்தைவிட, தூரத்துப் பேச்சையும் பிடிக்கிற ஒலிப்பதிவைப் பற்றித்தான். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. ஆனால் ஒலிப்பதிவை அணைத்து வைப்பதும், மாட்டுவதற்கு முன் எதிர்வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்வதும் எங்கேயும் செய்யக்கூடியவை. போனில் படத்தைத் திறந்து "உங்கள் வீடு இதில் தெரியவில்லை, பாருங்கள்" என்று காட்டிவிடுங்கள்.

இரவுப்பறவை

படம் எப்படி விழும் என்பதைப் பற்றிக் கொஞ்சம்.

உயரம்: தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வது அதுதான். தலைக்கு மேலே மாட்டினால் நெற்றியும் தொப்பியும்தான் தெரியும். பழைய பெல் சுவிட்ச் அதைவிட உயரத்தில் இருந்தால் கருவியைக் கீழ்ப்பக்கம் சாய்க்கிற ஆப்புத் தகடு ஒன்றைப் பின்னால் வைக்கலாம், பல கருவிகளோடு கூடவே வரும்.

படத்தின் வடிவம்: டிவி மாதிரி அகலமான 16:9 படத்தில் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும், காலடி தெரியாது. பார்சலைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார்கள் என்றால் 4:3 அல்லது அதைவிட நெட்டையான படம் தருகிற மாடல் எடுங்கள்.

மேற்கு வெயில்: வந்தவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் கறுத்துவிடும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்படுத்தும் வசதி) இருக்கிற கேமரா இதை ஓரளவு சமாளிக்கும். சாயங்காலம் நேராக லென்ஸிலேயே வெயில் விழுந்தால் எதுவும் சமாளிக்காது. பக்கவாட்டில் திருப்பி மாட்டுங்கள், அல்லது மேலே சின்னதாக ஒரு மறைப்பு வையுங்கள்.

இரவு: கேமராவுக்கு அருகே வெள்ளைச் சுவரோ நிலையின் விளிம்போ படத்துக்குள் வந்தால், அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி அந்த ஓரம் பளீரென்று வெளுக்கும், வந்தவரின் முகம் இருட்டில் போய்விடும். கருவியைச் சற்று முன்னால் நகர்த்தினாலே சரியாகும். வாசல் விளக்கை எரியவிட்டு அகச்சிவப்பை அணைத்துவிடுவது அதைவிட நல்லது. படம் வண்ணத்தில் வரும், பூச்சிகளும் கேமராவை விட்டு விளக்கைத் தேடிப் போய்விடும். பூச்சிக்காகத்தான் சிலந்தி லென்ஸ் முன்னால் வலை பின்னுகிறது. அந்த வலை காற்றில் ஆடினால் இரவெல்லாம் போன் அடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய துணியால் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

அசைவு: பேட்டரிக் கருவிகள் பெரும்பாலும் பிஐஆர் உணரியை நம்பி விழிக்கின்றன. உடல் வெப்பத்தின் நகர்வை அது பிடிக்கும். குறுக்கே நடப்பவரை உடனே பிடித்துவிடும், நேராகக் கேமராவை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கோடை நண்பகலில் சுற்றுப்புறமும் உடல் வெப்பத்தை நெருங்கிவிட்டால் இன்னும் தடுமாறும். ஒயர் கருவிகள் எப்போதும் விழித்திருப்பதால் பட்டனை அழுத்துவதற்குச் சில நொடி முன்பு நடந்ததையும் சேர்த்துத் தரக்கூடியவை.

மின்கம்பி

மாட்டும்போது கவனிக்க ஒரு முக்கியமான விஷயம்: கருவியோடு வந்த ஸ்க்ரூவை மட்டும் பயன்படுத்துங்கள். 2020 நவம்பரில் ரிங் தன் இரண்டாம் தலைமுறை டோர்பெல்லில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 3,50,000 கருவிகளுக்குத் திரும்பப்பெறல் அறிவித்தது. காரணம் ஸ்க்ரூதான். முகப்பை மூடுவதற்குக் கொடுத்த சின்ன ஸ்க்ரூவுக்குப் பதிலாக வேறு ஸ்க்ரூவை முறுக்கினால் அது உள்ளே பேட்டரியைத் தொட்டுச் சூடேறி, தீப்பிடிக்க வாய்ப்பு இருந்தது. கையில் கிடைத்த ஸ்க்ரூவைப் போட்டு இறுக்குகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, பேட்டரி உள்ள கருவியில் அது வேண்டாம்.

ஒயரைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ட்ரில் போட்டு பிளக் அடித்த பிறகு தூசியை ஊதி எடுத்துவிட்டு முறுக்குங்கள். கருவியைச் சுற்றி சிலிக்கோன் பூசும்போது மேலும் இரண்டு பக்கமும் மட்டும் பூசுங்கள், அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். எப்படியாவது உள்ளே போகிற ஈரம் வடிய ஒரு வழி வேண்டும். ஐபி 65 என்ற பாதுகாப்புத் தர எண் போட்டிருந்தால் சாரலுக்கும் தூசிக்கும் பயமில்லை, ஆனால் பின்பக்க ஒயர் இணைப்புகளை அந்த எண் காப்பாற்றாது.

வாசற்படி

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். மின்கம்பி சொன்னபடியே இரண்டு ஒயர், டெஸ்டர் எரிந்தது, 230 வோல்ட்தான். வைஃபையையும் சோதித்தேன், கதவைச் சாத்தியதும் வீடியோ அழைப்பு அறுந்துவிட்டது.

அதனால் உள்திரை உள்ள, திரை மட்டும் வைஃபையில் இணைகிற டோர் போன் எடுத்துவிட்டேன். எலெக்ட்ரீஷியனை வரவழைத்தோம். பெல்லுக்குப் போன மின்சாரத்தை முதலில் துண்டித்தார். பிறகு பழைய இரண்டு ஒயரின் முனையில் புதிய நான்கு இழைக் கேபிளைக் கட்டி, கட்டின இடம் தடிக்காமல் டேப் சுற்றி, சோப்பு தடவி, மறுமுனையிலிருந்து இழுத்தார். சுவரை உடைக்காமலே அதே பைப் வழியாகக் கேபிள் வந்துவிட்டது. திரையை அம்மாவின் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டியிருக்கிறோம். பேசும் பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். மெமரி கார்டு திரையில்தான் இருக்கிறது. எதிர்வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன், அவர்கள் கதவுப் பக்கத்தை மறைத்தாயிற்று, ஒலிப்பதிவும் இல்லை.

அம்மா இப்போது பட்டனை அழுத்தி "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுகிறார். வாசலில் நிற்பவர் உடனே பதில் சொல்லிவிடுவதால் காக்க வைத்துவிட்டோமே என்ற சங்கடம் அவருக்கு இல்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மின்வெட்டு வந்தால் இது நின்றுவிடுமா?

மின்கம்பி

நின்றுவிடும். திரையின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட் என்றால் ரூட்டருக்காக விற்கிற சின்ன யுபிஎஸ் போதும். ஆனால் அதன் ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், பின்னின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். வாசல் கேமராவுக்கு மின்சாரம் திரையிலிருந்துதான் போகிறது, அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். ரூட்டருக்கு இன்னொன்று வைத்தால் மின்வெட்டிலும் உங்கள் போனுக்குப் படம் வரும். அம்மாவுக்குத் திரை ஒன்று ஓடினால் போதும் என்பதால் முதலில் அதற்கு வாங்குங்கள்.